நாற்பத்து மூன்று பற்கள்

பழங்காலக் கார்களின் கண்காட்சிக்குச் சென்ற நண்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். வருபவர்கள் முதலில் காரின் முகத்தைப் பார்க்கிறார்கள். பிறகு வண்ணத்தை, அதன்பின் இருக்கைத் தோலையும் ஸ்டியரிங்கையும். இன்னும் ஆர்வமுள்ளவர்கள் பானெட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சினையும் எட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் காரின் பின்புறம் சென்று, குனிந்து, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே பானை வயிறுபோல் புடைத்து நிற்கும் அந்த இரும்பு உருண்டையைப் பார்ப்பவர் அரிதிலும் அரிது.

நாமும் நெடுநாள் பார்த்ததில்லை. பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அதற்குள் ஒரு வரலாறு எண்ணெயில் ஊறிக்கிடப்பது தெரிந்தது. அந்த வரலாற்றை இக்கட்டுரையில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பழங்கார் ஆர்வலர்களிடையே இன்றும் தீராத ஒரு வழக்கையும் எடுத்துக்கொள்வோம். அந்த உருண்டைக்குள் இருக்கும் பற்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, இன்றைய சாலைக்கு ஏற்ற வேறு பற்சக்கரங்களைப் பொருத்தலாமா? பொருத்தினால் அது பழைய கார்தானா?

வளைவில் பிறந்த சிக்கல்

மாட்டு வண்டிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அதன் சக்கரங்கள் இரண்டும் அச்சின் இரு முனைகளில் தனித்தனியே சுழல்கின்றன. கழன்றுவிடாமல் காப்பது கடையாணி. வண்டியை இழுப்பவை மாடுகள். சக்கரங்கள் வெறுமனே உருள்கின்றன. வண்டி திரும்பும்போது ஒரு சக்கரம் விரைந்தும் மற்றொன்று மெதுவாகவும் உருண்டால் யாருக்கும் நட்டமில்லை.

அச்சைச் சுழற்றி, அதன்வழியே சக்கரத்தைச் சுழற்றி வண்டியை ஓட்டவேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் வினை தொடங்கியது. ஒரே அச்சில் இறுகப் பிணைக்கப்பட்ட இரண்டு சக்கரங்கள் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். வளைவிலோ வெளிப்புறச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும். எவ்வளவு அதிகம்? பின்சக்கரங்களுக்கிடையே 1.24 மீட்டர் இடைவெளியுள்ள ஒரு கார் முழு வட்டம் அடித்தால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறக்குறைய 7.8 மீட்டர் கூடுதலாக ஓடும். வட்டம் சிறிதானாலும் பெரிதானாலும் இந்தக் கணக்கு மாறாது என்பது வியப்புக்குரியது. சாதாரண தெருமுனைத் திருப்பத்திலேயே வேறுபாடு சுமார் 2 மீட்டர். அந்த 2 மீட்டரை ஏதேனும் ஒரு சக்கரம் சறுக்கித்தான் ஈடுகட்ட வேண்டும். டயர் தேயும், அச்சு முறுக்கேறும், வண்டி திரும்ப மறுக்கும்.

இதற்கான விடைதான் டிஃபரன்ஷியல். எஞ்சினின் விசை நேரே சக்கரங்களுக்குப் போகாமல் ஒரு கூட்டுக்குப் போகிறது. கூட்டுக்குள் எதிரெதிரே இரண்டு பக்கப் பற்சக்கரங்கள் உள்ளன. ஒன்று இடது சக்கரத்தின் தண்டோடும் மற்றொன்று வலது சக்கரத்தின் தண்டோடும் இணைந்தது. இரண்டையும் கவ்வியபடி நடுவே சிறு பற்சக்கரங்கள். நேர்ப்பாதையில் இவையனைத்தும் ஒரே கட்டியாகச் சுற்றுகின்றன. வளைவில் மட்டும் நடுவிலுள்ள சிறுசக்கரங்கள் தம் தண்டிலேயே உருண்டு, ஒரு பக்கத்தில் குறைத்ததை மறுபக்கத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. இரண்டு சக்கரங்களின் வேகச் சராசரி எப்போதும் கூட்டின் வேகமே. கணக்குப்பிள்ளை இல்லாமலே வரவும் செலவும் நேராகும் ஏற்பாடு!

யார் முதலில்?

இத்தகைய பொருள்களுக்கு ஆதிமூலம் தேடுவது நம் எல்லோருக்கும் பிடித்த வேலை. டிஃபரன்ஷியலுக்கும் தேடினார்கள். பண்டைச் சீனத்தில் 'தென்திசை காட்டும் தேர்' ஒன்று இருந்ததாக நூல்கள் கூறுகின்றன. தேர் எப்பக்கம் திரும்பினாலும் அதன்மேல் நிற்கும் பாவையின் கை தெற்கையே சுட்டுமாம். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் மா ஜுன் என்ற பொறியாளரோடு இது இணைத்துப் பேசப்படுகிறது. இந்தத் தேருக்குள் டிஃபரன்ஷியல் இருந்திருக்கலாம் என்று 1947-ல் விளக்கம் தந்தவர் ஜார்ஜ் லான்செஸ்டர். அவர் யார் தெரியுமா? பிரிட்டனின் தொடக்ககாலக் கார்களை உருவாக்கிய லான்செஸ்டர் சகோதரர்களுள் ஒருவர்! கார்ப் பொறியாளரின் கண்ணுக்குச் சீனத் தேரிலும் கார் தெரிந்தது. ஆனால் பிற்காலச் சோங் மரபின் வரலாற்றுநூல் தரும் வருணனை, தேர் திரும்பும்போது இணைந்தும் விலகியும் இயங்கும் எளிய பற்சக்கரங்களைத்தான் காட்டுகிறது.

கிரேக்கக் கடலில் கிடைத்த ஆண்டிகிதரா கருவியின் கதையும் இதைப் போன்றதே. அதில் டிஃபரன்ஷியல் உண்டு என்று டெரெக் டி சோலா பிரைஸ் 1974-ல் எழுதினார். பின்னர் வந்த ஊடுகதிர் ஆய்வுகள் அவர் சுட்டிய இடத்துக்கு வேறு விளக்கம் தந்தன. நம் காலத்தின் பொருளைப் பழங்காலத்தில் ஏற்றிப் பார்க்கும் ஆசை எந்நாட்டவருக்கும் பொது என்பதற்கு இவை இரண்டும் சான்று.

உறுதியாகச் சொல்லத்தக்க தொடக்கம் பிரான்சில் இருக்கிறது. 1820-களின் இறுதியில் ஒனேசிஃபோர் பெக்கர் என்பவர் நீராவி வண்டி ஒன்றுக்காக இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அரை நூற்றாண்டு கழித்து, 1877-ல், இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி தம் மிதிவண்டிக்காக இதே வழியைக் கண்டார். தந்தையும் மகனும் பக்கத்தில் பக்கமாக அமர்ந்து ஆளுக்கொரு சக்கரத்தை மிதிக்கும் வண்டியில் சென்றார்களாம். இளைஞனான மகன் வேகமாக மிதிக்க, வண்டி ஒருபக்கமாகத் திரும்பிப் புதரில் போய் விழுந்ததாம். எழுந்து வந்த தந்தை டிஃபரன்ஷியலைச் சிந்தித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, கார்ல் பென்ஸ் 1885-ல் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில் டிஃபரன்ஷியல் இடம்பெற்றுவிட்டது. மோட்டார் காரின் முதல் நாளிலிருந்தே அது உடன்பிறப்பு!

இரண்டாவது கடமை

பின்னச்சின் உருண்டைக்கு இன்னொரு கடமையும் உண்டு. எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டு காரின் நீளவாக்கில் சுழல்கிறது. சக்கரங்களோ அகலவாக்கிலுள்ள அச்சில் சுழலவேண்டும். திசையைச் செங்கோணத்தில் திருப்புவதோடு வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டவும் வேண்டும். இந்த வேலையைச் செய்பவை இரண்டு பற்சக்கரங்கள். தண்டின் முனையிலுள்ள சிறியது பினியன்; டிஃபரன்ஷியல் கூட்டைச் சுற்றிக் கிரீடம்போல் அமர்ந்திருக்கும் பெரியது கிரவுன் வீல்.

தொடக்கத்தில் இவற்றின் பற்கள் நேராக வெட்டப்பட்டிருந்தன. வண்டி நகர்ந்தாலே ஓலமிடும். அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரத்துக் கிளீசன் நிறுவனம் 1913-ல் வளைந்த பற்களை வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. ஒரு பல் முழுவதும் விலகுமுன்பே அடுத்த பல் கவ்வத் தொடங்கியதால் ஓலம் அடங்கியது. அதே நிறுவனத்தின் அடுத்த சாதனை ஹைப்பாய்டு. இதில் பினியன், கிரவுன் வீலின் மையத்துக்கு நேரே நில்லாமல் சற்றுக் கீழே இறங்கி நிற்கும். 1920-களின் நடுவில் பேக்கார்டு நிறுவனம் இதைத் தன் கார்களில் பொருத்தியது. பினியன் இறங்கியதால் தண்டு இறங்கியது, தண்டு இறங்கியதால் காரின் தரையும் இறங்கியது. பழைய கார்கள் உயர்ந்து நிற்பதற்கும் பிந்தையவை தாழ்ந்து படிந்திருப்பதற்கும் இந்தச் சிறு விலகலும் ஒரு காரணம். ஹைப்பாய்டு பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்வதால் அவற்றுக்கென்றே தனி எண்ணெய் தேவைப்பட்டது.

கிரவுன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே பின்னச்சின் விகிதம். நம் வழக்கு முழுவதும் இந்த எண்ணைப் பற்றியதே.

பத்தா, பதினொன்றா?

1955 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து எம்.ஜி.ஏ என்ற இரண்டு இருக்கைக் கார் அறிமுகமானது. எஞ்சின் 1489 கன சென்டிமீட்டர். தொடக்கத்தில் அதன் திறன் 68 குதிரைத்திறன்தான். பின்னச்சில் கிரவுன் வீலுக்கு 43 பற்கள், பினியனுக்கு 10. ஆக, விகிதம் 4.3. சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின், உச்ச கியரில், நான்கு முறைக்குமேல் சுற்றவேண்டும்.

43 என்பது பகா எண். பினியனின் ஒரு குறிப்பிட்ட பல் கிரவுன் வீலின் ஒரு குறிப்பிட்ட பல்லைச் சந்தித்துவிட்டால், மீண்டும் அதையே சந்திக்கப் பினியன் 43 சுற்றுகள் சுற்றவேண்டும். இடையில் மற்ற எல்லாப் பற்களையும் சந்தித்துவிடும். ஒரு பல்லின் குறை ஒரே பல்லைத் தேய்க்காமல் எல்லாவற்றுக்கும் பங்கிடப்படுகிறது. வடிவமைத்தவர்கள் தெரிந்தே செய்த ஏற்பாடு இது.

சரி, 4.3 என்று ஏன் முடிவு செய்தார்கள்? அன்றைய பிரிட்டனில் மோட்டார்வே எனப்படும் விரைவுச்சாலை ஒன்றுகூட இல்லை. ஊர்களின் நடுவே வளைந்து வளைந்து செல்லும் சாலைகள், மேடுகள், லாரிக்குப் பின்னால் காத்திருந்து முந்தவேண்டிய இடங்கள். சிறிய எஞ்சின் இத்தகைய சாலையில் துடிப்போடு எழவேண்டுமானால் விகிதம் உயர்ந்திருக்க வேண்டும். மலையேற்றப் போட்டிகளுக்குச் செல்வோருக்கு 4.55 என்ற இன்னும் உயர்ந்த விகிதமும் கிடைத்தது. நீண்ட நேர்ச்சாலையில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓட்டுவது அன்றைய ஓட்டுநரின் அன்றாடம் அன்று.

பிறகு சாலை மாறியது. 1956-ல் அமெரிக்கா தன் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்குச் சட்டம் இயற்றியது. 1958 டிசம்பரில் பிரிட்டனின் முதல் மோட்டார்வேப் பகுதி பிரெஸ்டனில் திறக்கப்பட்டது. மறுஆண்டு நவம்பரில் எம்1 சாலையின் முதற்பகுதி. 1965 டிசம்பர் வரை அச்சாலைகளில் வேக வரம்பே கிடையாது. எம்.ஜி.ஏ கார்கள் மொத்தம் 101,081 செய்யப்பட்டன. அவற்றுள் பிரிட்டனிலேயே விற்றவை 5,869 மட்டுமே; ஏனையவை கடல் கடந்தன. பெரும்பாலான கார்கள் தாம் வடிவமைக்கப்பட்ட சாலையைக் காணவே இல்லை!

1962-ல் எம்.ஜி.பி வந்தது. எஞ்சின் 1798 கன சென்டிமீட்டராக வளர்ந்திருந்தது. பின்னச்சில் கிரவுன் வீலுக்கு அதே 43 பற்கள். பினியனுக்கு மட்டும் 11. விகிதம் 3.909. ஏழு ஆண்டுகளில் சாலையும் எஞ்சினும் கண்ட மாற்றம் ஒற்றைப் பல்லாகப் பின்னச்சில் பதிந்துவிட்டது. பின்னச்சு விகிதத்தை ஒரு கல்வெட்டுப்போல் வாசிக்கலாம் என்று நாம் கருதுவது இதனால்தான். இன்ன ஆண்டில், இத்தகைய சாலையில், இவ்வளவு வலிமையுள்ள எஞ்சினோடு மனிதர்கள் எப்படிப் பயணம் செய்ய எண்ணினார்கள் என்பதை அது சொல்கிறது.

மாற்றுவோர் செய்வது என்ன?

எம்.ஜி.ஏ.யின் பின்னச்சு 'பான்ஜோ' வகை. நீண்ட கழுத்தும் வட்ட உடலும் கொண்ட அந்த இசைக்கருவியை ஒத்திருப்பதால் இப்பெயர். தொடக்ககால எம்.ஜி.பி.யிலும் ஏறக்குறைய அதே அச்சுதான். எனவே எம்.ஜி.பி.யின் டிஃபரன்ஷியல் தொகுதியை எடுத்து எம்.ஜி.ஏ.யில் பொருத்துவது ஆர்வலர்களிடையே வழக்கமாயிற்று. எண்ணெயை வடித்து, சக்கரத் தண்டுகள் இரண்டையும் வெளியே இழுத்து, நடுத்தண்டைக் கழற்றி, வட்டமாகச் சுற்றியுள்ள நட்டுகளை நீக்கினால், முழுத் தொகுதியும் முன்புறமாக வந்துவிடும். வெட்டுதல், ஒட்டுதல், பற்றவைத்தல் எதுவுமில்லை.

சொல்வது எளிது, பிழை செய்வதும் எளிது. சக்கரத் தண்டின் முனையிலுள்ள வரிப்பள்ளங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறியுள்ளன. புதிய தொகுதியின் பக்கப் பற்சக்கரத்தோடு அவை பொருந்துமா என்று முதலில் பார்க்கவேண்டும். கிரவுன் வீலும் பினியனும் தொழிற்சாலையிலேயே சேர்த்துத் தேய்த்துப் பழக்கப்பட்ட இணை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மட்டும் மாற்றினால் ஓலம் நிச்சயம். தொகுதியைப் பிரித்துப் பற்சக்கரங்களை மாற்றுவோர், மெல்லிய ஷிம் தகடுகளை வைத்தும் எடுத்தும் பற்களுக்கிடையே ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவிலான இடைவெளியைச் சரிசெய்யவேண்டும். பற்களில் வண்ணம் பூசிச் சுழற்றி, கவ்வும் தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். விளிம்பில் விழுந்தால் எல்லாவற்றையும் மீண்டும் பிரிக்கவேண்டியதுதான்.

இவ்வளவு பாட்டுக்குக் கிடைப்பது என்ன? மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பழைய விகிதத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,650 முறை சுற்றும். புதிய விகிதத்தில் 3,320. ஒரு மணி நேரப் பயணத்தில் சுமார் 20,000 சுற்றுகள் மிச்சம். இரைச்சலும் எரிபொருள் செலவும் குறைகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, வயதான எஞ்சினின் ஆயுள் கூடுகிறது. இழப்பும் உண்டு. சக்கரத்துக்குச் சேரும் விசை எல்லாக் கியரிலும் ஒன்பது விழுக்காடு குறையும். மேட்டில் புறப்படும்போது கிளட்ச் அதிகம் தேயும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: எம்.ஜி.ஏ.யின் வேகமானி கியர்பெட்டியிலிருந்து இயங்குகிறது. பின்னச்சு மாறியது அதற்குத் தெரியாது. முள் 100 என்று காட்டும்போது கார் 110-ல் ஓடிக்கொண்டிருக்கும்! வேகமானியைத் திருத்தாமல் இந்த வேலை முடிவதில்லை.

வேறொரு திருத்தமும் உண்டு. சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சம விசையே தரும். ஆகவே ஒன்று சேற்றில் வழுக்கினால் மற்றொன்றும் வலிமை இழக்கும். 1930-களின் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில் இச்சிக்கல் பெரிதாகவே, ஃபெர்டினாண்ட் போர்ஷே 1935-ல் இசட்.எஃப் நிறுவனத்திடம் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலைச் செய்யச் சொன்னார். 1956-ல் பேக்கார்டு அதைப் பொதுமக்கள் வாங்கும் காருக்கும் கொண்டுவந்தது. பந்தயத்துக்குச் செல்லும் பழங்கார்களில் இன்று இதைப் பொருத்துகிறார்கள். உலாச் செல்லும் காருக்கு இதனால் பெரிய பயனில்லை.

நம் ஊரில் நடந்த திருத்தம்

எம்.ஜி.ஏ.யின் அந்த 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினின் இன்னோர் உடன்பிறப்பை நாம் எல்லோரும் அறிவோம். 2014 வரை உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாசடரில் நெடுங்காலம் உழைத்தது அதே குடும்பத்து எஞ்சின்தான்.

பின்னச்சையே மாற்றிய வரலாறு சென்னைக்கும் உண்டு. 1961 முதல் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் அசைபவை. இங்கிலாந்தில் அது புதுமையாகப் பேசப்பட்டது. இங்குள்ள உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அந்த ஏற்பாடு ஒத்துவரவில்லை. 1972-ல் அதே காரின் வழியில் வந்த ஸ்டாண்டர்டு கெசல், புதுமையைக் கைவிட்டு எளிய ஒற்றை அச்சுக்குத் திரும்பியது. ஏட்டின்படி பார்த்தால் இது பின்னோக்கிய நகர்வு. சாலையின்படியும் பட்டறையின்படியும் பார்த்தால் முன்னேற்றம். செய்தவர்களே தம் படைப்பை இடத்துக்கேற்பத் திருத்திக்கொண்டார்கள் என்பதை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வழக்கும் தீர்ப்பும்

ஒரு தரப்பு சொல்கிறது: பழைய பொருளைப் பழையபடியே வைத்திருப்பதுதான் வரலாறு. 4.3 என்ற எண்ணை அழித்தால் 1955-ஐ அழித்ததாகும். எஞ்சின் இரைவதும் அந்தக் காலத்தின் குரல்தானே? அதைக் கேட்க விருப்பமில்லாதவர் புதிய கார் வாங்கிக்கொள்ளட்டும்.

மறு தரப்பின் விடை: ஓடாத கார் வெறும் சிற்பம். இன்றைய சாலையில் ஓட்டினால்தான் அது உயிரோடிருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பற்சக்கரத்தை மாற்றி, அதைவிட அரிதான மூல எஞ்சினைக் காப்பாற்றுவது எப்படிக் குற்றமாகும்?

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இவ்வழக்கு நமக்குப் புதிதுமன்று. திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டுக் கற்கள் இடம்மாறிப் படிக்கற்களானதைக் கோயில்தோறும் கண்டு வருந்தியவர்கள் நாம். அதற்காகக் கோயிலில் விளக்கே ஏற்றக்கூடாது என்று நாம் சொல்வதில்லை. புழங்கும் இடத்தைப் புழங்கிக்கொண்டே காப்பது எப்படி என்பதுதான் கேள்வி. நினைவுச்சின்னங்களைக் காப்பதற்காக 1964-ல் வெனிஸ் சாசனம் உருவானது. அதன் வழியில், பழங்கார் அமைப்புகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா, டூரின் சாசனம் என்ற ஒன்றை 2012-ல் ஏற்றது. தேவைக்காகச் செய்யும் மாற்றம் மூலக் கட்டமைப்பையும் தோற்றத்தையும் கெடுக்கக்கூடாது, அதைத் திரும்ப நீக்க முடியவேண்டும், கழற்றிய முக்கிய மூலப் பாகங்களைக் காரோடு சேர்த்தே பாதுகாக்கவேண்டும் என்பவை அது காட்டும் நெறிகள்.

இந்த அளவுகோலால் பார்த்தால், தொகுதியைக் கழற்றி மாற்றும் எம்.ஜி.ஏ திருத்தம் குற்றமற்றது. ஒரு பிற்பகலில் மீட்டுவிடலாம். புதிய அச்சைப் பொருத்துவதற்காகச் சட்டத்தை வெட்டுவதும் மூலக் கூட்டைக் கடைந்தெடுப்பதும் குற்றம். ஆனால் உண்மையான அழிவு நடக்கும் இடம் வேறு என்று நமக்குத் தோன்றுகிறது. கழற்றிய பழைய பற்சக்கரங்கள் பட்டறை மூலையில் துருப்பிடித்து, ஒருநாள் எடைக்கு எடை பழைய இரும்புக்குப் போகின்றன. எத்தனை பல், எப்போது கழற்றினோம், ஏன் கழற்றினோம் என்பதை யாரும் எழுதிவைப்பதில்லை. அடுத்த உரிமையாளர் 3.909-ஐயே மூலம் என்று நம்புவார். அவரிடம் கேட்டு எழுதுபவர் அதையே வரலாறாக்குவார். பெக்கருக்கு முன்னால் சீனத் தேரில் டிஃபரன்ஷியலைக் கண்டவர்களின் பிழைக்கும் இதற்கும் அதிகத் தொலைவில்லை.

ஆகவே நாம் வேண்டுவது சிறிய காரியம்தான். மாற்றுங்கள், ஓட்டுங்கள். கழற்றியதைத் துடைத்து, எண்ணெய் பூசி, துணியில் சுற்றி, கிரவுன் வீலையும் பினியனையும் பிரிக்காமல் ஒரே பெட்டியில் வையுங்கள். பற்களின் எண்ணிக்கையையும் நாளையும் காரணத்தையும் ஒரு தாளில் எழுதி உள்ளே போடுங்கள். காரை விற்கும் நாளில் சாவியோடு அந்தப் பெட்டியையும் கொடுங்கள்.

அடுத்த கண்காட்சியில் பளபளக்கும் பழங்கார் ஒன்றைக் காணும்போது, அதன் வண்ணத்தைப் பாராட்டிய பிறகு உரிமையாளரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள் நண்பர்களே: "பழைய கிரவுன் - பினியன் செட் எங்கே?" வீட்டில் இருக்கிறது என்று அவர் சொன்னால், அவர் கையில் அந்தக் கார் பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்பலாம்.